இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு

அன்புள்ள மகளுக்கு,

லண்டனில், பீட்டில்ஸ் என்ற ஆங்கிலேய இசைக்குழு பாட்டுகளைப் பதிவு செய்த ஆபி ரோடு ஸ்டுடியோவின் வாசலில் நின்று நீ எடுத்து அனுப்பிய படம் கிடைத்தது. அம்மாவின் பழைய பைத்தியத்தை மறக்காமல் அவ்வளவு தூரம் போயிருக்கிறாய் என்பதால், இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றை எழுதுகிறேன்.

பீட்டில்ஸ் குழுவினர் 1967 ஜூனில் வெளியிட்ட 'சார்ஜன்ட் பெப்பர்' இசைத்தட்டை உன் பெரிய மாமா அந்த ஆண்டுக் கடைசியில், கப்பலில் வேலை பார்த்த ஒரு நண்பர் மூலம் வரவழைத்தார். எனக்கு அப்போது பதினான்கு வயது. மாலை வேளைகளில் பாட்டி தம்புராவைச் சுருதி சேர்த்து, தெருப் பெண்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பார். அந்த ரீங்காரத்திலிருந்து தப்பிக்கவே நான் மாடி அறைக்கு ஓடுவேன். அப்படி ஓடிப்போய்த் தட்டின் இரண்டாம் பக்கத்தைப் போட்டால், எடுத்த எடுப்பில் அங்கேயும் தம்புரா! குழுவின் நால்வரில் ஒருவரான ஜார்ஜ் ஹாரிசன் இயற்றிய அந்தப் பாட்டில், வில்லால் இழைத்து வாசிக்கும் தில்ரூபாவும் தபலாவும் ஒலிக்கின்றன. மற்ற மூவரில் ஒருவர்கூட அதில் வாசிக்கவில்லை. ஐந்து நிமிடம் நீளும் அதை நான் பொறுக்காமல், ஊசியைத் தூக்கி அடுத்த பாட்டில் வைத்துவிடுவேன். எனக்கு அறுபத்து நான்கு வயதாகும்போதும் நான் உனக்குத் தேவைப்படுவேனா என்று பால் மெக்கார்ட்னி துள்ளலாகக் கேட்கும் பாட்டு அது. (அந்த வயதைத் தாண்டி எட்டு ஆண்டுகளாகியும் உன் அப்பாவிடம் நான் இன்னும் கேட்கவில்லை.)

கூட்டத்தின் கூச்சலில் தாங்கள் வாசிப்பது தங்களுக்கே கேட்காத நிலையில், 1966 ஆகஸ்டோடு பீட்டில்ஸ் குழுவினர் ஊர் ஊராகச் சென்று கச்சேரி செய்வதை நிறுத்திக்கொண்டார்கள். அடுத்த மாதமே ஹாரிசன் பம்பாய்க்கு வந்து, ரவிசங்கரிடம் சிதார் கற்றுக்கொண்டார். அவருக்கு அப்போது 23 வயது. உலகமே கொண்டாடிய அந்தப் பையன் எதைத் தேடி வந்தானோ, அதை விட்டுத்தான் நான் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் நான் ஊசியைத் தூக்குவதற்குள், தன் தம்புராவை யாரோ தொடுகிறார்கள் என்று நினைத்துப் பாட்டி மேலே வந்துவிட்டார். வாசற்படியில் நின்று சற்று நேரம் கேட்டு, "யாரம்மா இது?" என்றார். "யாரோ" என்று சொல்லி நான் பாட்டை நிறுத்தினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார்.

போன வாரம் அந்தப் பாட்டை முதல் தடவையாக முழுவதும் கேட்டேன். முடிகிற இடத்தில் சிலர் சிரிக்கும் ஓசை வருகிறது. தட்டு 58 ஆண்டுகளாக என்னிடம்தான் இருக்கிறது. அந்தச் சிரிப்பு அதில் இருப்பது எனக்குத் தெரியவே தெரியாது.

அன்புடன்,
அம்மா