"குடியிருக்கவங்க ஏதும் கேக்க மாட்டாங்க"ன்னு சொல்லி வீடு விக்கறாங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவன், சேலம் அழகாபுரத்துல இருக்கேன். பூர்வீக நிலம் வித்த பங்கும் பிஎஃப் காசும் கொஞ்சம் கைல இருக்கு, மாசாமாசம் வாடகை வர்ற மாதிரி ஏதாச்சும் வாங்கலாம்னு நாலஞ்சு மாசமா அலையறேன். ஃபேர்லேண்ட்ஸ்ல ஒரு ஃபிளாட் 65 லட்சம் சொன்னாங்க, வாடகை 15 ஆயிரம் வரும், கணக்கு போட்டா வருஷத்துக்கு 3 சதவீதம் கூட தேறல. குகைங்கற ஏரியாவுல ஒரு சந்துக்குள்ள நாலு லைன் வீடு சேர்த்து 38 லட்சம், வீட்டுக்கு 4,500 வாடகை, வருஷத்துக்கு 2 லட்சத்து 16 ஆயிரம், அதாவது ரெண்டு மடங்கு. பசங்க "அந்த ஏரியாவாப்பா, வேண்டாம்"னாங்க. நான் அதை பெருசா எடுத்துக்கல, வருஷக்கணக்கா அந்தப் பக்கம் டவுன் பஸ்ல டூட்டி பாத்தவன், தறிக்காரங்களும் கொலுசுப் பட்டறைக்கு போறவங்களும் தான் என் வண்டில ஏறுவாங்க, அவங்களப் பத்தி எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்ல.

ஆனா புரோக்கர் சொன்ன ஒரு வார்த்தை தான் மனசுல தைச்சிருச்சு. "இங்க ரிப்பேர் செலவே வராதுங்க, குடியிருக்கவங்க ஏதும் கேக்க மாட்டாங்க, கேட்டா வேற எங்க போவாங்க"ன்னாரு.

அதுக்கப்புறம் ஏற்காட்டுல நல்ல மழை பெஞ்ச ராத்திரிக்கு மறுநாள் புரோக்கர் இல்லாம நானா போனேன். மலையில பெஞ்சா திருமணிமுத்தாறு பெருகி ஊருக்குள்ள சாக்கடை எதுத்து வரும்னு சேலத்துக்காரங்களுக்கு தெரியும். கடைசி வீட்டுல குழித்தறி போட்டிருக்காங்க. கால் வெச்சு மிதிக்கற குழிக்குள்ள முழங்கால் அளவு கருப்புத் தண்ணி, அந்தம்மா சொம்புல மொண்டு மொண்டு பக்கெட்ல ஊத்திட்டு இருந்தாங்க, பாவு, அதான் தறியில நீளமா இழுத்துக் கட்டின நூலு, நனையாம இருக்க மேல பழைய பேனரை போத்தி விட்டிருந்தாங்க, பாதி நெய்த பட்டு அதுக்கடியில அப்படியே நிக்குது. குழி காயற வரைக்கும் நாலஞ்சு நாள் தறி ஓடாது, ஆனா வாடகை மட்டும் 5ம் தேதி குடுத்தாகணும். ஓனர்கிட்ட சொல்லலியாம்மான்னேன். "சொன்னா காலி பண்ணச் சொல்லிருவாருங்க, தரையில குழி வெட்ட விடற வீடு இன்னொண்ணு எங்கீங்க கெடைக்கும்"னாங்க. எனக்கு வார்த்தையே வரல.

அந்த ரெண்டு மடங்கு வருமானம் இதுல இருந்து தான் வருது. கரண்டும் அப்படித்தான், நாலு வீட்டுக்கும் ஒரே சர்வீஸ், ரெண்டு மாசத்துக்கு அரசாங்கம் தர்ற 100 யூனிட் இலவசம் அந்த ஒரு மீட்டரோட முடிஞ்சு போகுது, ஓனர் சப் மீட்டர் வெச்சு யூனிட்டுக்கு 10 ரூபா வாங்கறாரு. எழுத்துல அக்ரிமெண்ட் போட்டு வாடகை அதிகாரிகிட்ட பதியணும்னு 2019ல இருந்தே சட்டம் இருக்கு, அந்த சந்துல ஒருத்தர்கிட்டயும் ஒரு பேப்பர் கிடையாது.

பத்திரச் செலவே முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2ன்னு 9 சதவீதம் ஆகுது. அதுக்கு மேல சாக்கடை லைன் மாத்த, நாலு வீட்டுக்கும் தனித்தனி சர்வீஸ் வாங்க, நாலு குடும்பத்துக்கு ரெண்டே ரெண்டா இருக்கற கக்கூஸை நாலா கட்ட, எல்லாம் சேர்த்து கொத்தனார்கிட்ட எஸ்டிமேட் வாங்கினேன், 5 லட்சம் சொன்னாரு. அதுக்கப்புறமும் ஃபிளாட்டை விட இது தேவலைதாங்க. அதனால ஏரியா பேரைக் கேட்டு ஒதுங்கறவங்களும் சரி, மலிவா கெடைக்குதுன்னு ஓடறவங்களும் சரி, மழைக்கு மறுநாள் ஒரு தடவ போயி குடியிருக்கவங்ககிட்ட பேசிட்டு வாங்க. மாநகராட்சியும் ஐப்பசி மழைக்கு முன்னாடி அந்த சந்துச் சாக்கடைய தூர் வாரிக் குடுக்கணும், உங்க பேப்பர் அதை எழுதணும்.

ஓனர்கிட்ட 5 லட்சம் குறைச்சுக் கேட்டிருக்கேன், இன்னும் பதில் வரல. ஒத்துக்கிட்டா வாங்கிருவேன், மொத வேலையா அந்த தறிக்குழியச் சுத்தி சிமெண்ட் கட்டி உசத்தி விடணும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர்,
அழகாபுரம், சேலம்.