‘பார்லென்ட்’ என்று யாரும் பேசுவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலிருந்தபடியே பிரெஞ்சு கற்கலாம் என்று சென்ற வார இதழில் ஒரு பகுதி தொடங்கியிருக்கிறீர்கள். நல்ல காரியம். முதல் பாடமே ‘பார்லே’, அதாவது பேசு என்னும் வினைச்சொல். நிகழ்காலத்தில் அது எடுக்கும் ஆறு வடிவங்களையும் கட்டம் போட்டு, நீலமும் சிவப்புமாக அழகாக அச்சிட்டிருக்கிறீர்கள். கட்டத்துக்குக் கீழே ஒரு வரி: ‘ஆறு விகுதிகளையும் ஆறு விதமாக அழுத்தி உச்சரித்துப் பழகுங்கள்.’ அதோடு விட்டீர்களா? ‘அவர்கள் பேசுகிறார்கள்’ என்பதற்கு எதிரே ‘இல் பார்லென்ட்’ என்று உச்சரிப்பு வேறு.

பார்லென்ட் என்று பாரிசில் யாராவது பேசிக் கேட்டிருந்தால், அந்த ஆளை எனக்கும் அறிமுகம் செய்துவையுங்கள். இத்தனை வருடம் பிரெஞ்சு வாத்தியாராக இருந்துவிட்டு இப்படி ஒருவரைப் பார்க்காமல் போவது குறைதானே.

தாங்கள் அறியாததல்ல. ‘பார்லே’ என்பதன் கடைசி இரண்டு எழுத்தான இ-ஆரை வெட்டிவிட்டு இ, இ-எஸ், இ, ஓ-என்-எஸ், இ-இஸட், இ-என்-டி என்று ஒட்ட வேண்டும். எழுத்தில் பார்த்தால் ஆறு இடத்துக்கு ஐந்து விகுதி. காதில் விழுவதோ மூன்றே மூன்று. ழ பார்ல் (நான்), த்யு பார்ல் (நீ), இல் பார்ல் (அவன்). நு பார்லோன் (நாங்கள்), வு பார்லே (நீங்கள்). கடைசியில் மறுபடியும் இல் பார்ல் (அவர்கள்). ஒருமை ‘இல்’லும் பன்மை ‘இல்’லும் ஒலியில் ஒன்றேதான். முன்பின் பேச்சை வைத்துத்தான் ஒருவரா பலரா என்று தெரிந்துகொள்ள வேண்டும். ‘எமே’ (நேசி) போல உயிரெழுத்தில் தொடங்கும் வினையாக இருந்தால் மட்டும் பன்மையில் நடுவே ஓர் இஸட் ஒலி எட்டிப் பார்க்கும்: இல் எம், இல் ஸெம். நான் பாடத்தில் எதிர்பார்த்தது இந்த ஒரு வரியைத்தான்.

‘பேசுகிறேன்’ என்றால் போதும், பேசுவது நான்தான் என்று நமக்குத் தெரிந்துவிடும். விகுதியே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். பிரெஞ்சில் விகுதியில் பாதி வாய்க்கு வராது. அதனால்தான் அவர்கள் ழ, த்யு, இல் என்று ஒவ்வொரு தடவையும் ஆளை முன்னால் நிறுத்துகிறார்கள். தமிழ்ப் பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள், ஒரே வகுப்பில் பிடித்துக்கொள்வான். தங்கள் பாடமோ ஆங்கிலத்திலிருந்து எடுத்துப் போட்டதுபோல் இருக்கிறது. இல்லையென்றால் ‘பேசிக்கொண்டிருக்கிறேன்’ என்பதற்கு ‘ழ சுயி பார்லான்’ என்று அச்சேறியிருக்குமா? அப்படியொரு பிரெஞ்சே கிடையாது ஐயா. பேசுகிறேன் என்றாலும் ழ பார்ல்தான், பேசிக்கொண்டிருக்கிறேன் என்றாலும் ழ பார்ல்தான்.

என்னிடம் வந்த ஒரு பெண்ணின் கதையைச் சொல்ல வேண்டும். வில்லியனூர்ப் பக்கம், கல்யாணமாகி, கணவர் பிரான்சில் வேலை. பிரெஞ்சுத் திறனைச் சோதிக்கும் ‘டெல்ஃப்’ தேர்வின் முதல் நிலைக்கு ஒரு பயிற்சி மையத்தில் பணம் கட்டிப் படித்திருக்கிறாள். எழுத்துத் தேர்வுக்கு அவள் எழுதியதில் ஒரு புள்ளி பிசகில்லை. வாய்த்திறன் பயிற்சிக்கு என்று உட்காரவைத்து, ‘உன் அப்பா அம்மா எங்கே இருக்கிறார்கள்?’ என்று பிரெஞ்சில் கேட்டேன். ‘மே பாரென்ட் ஹபிடென்ட் ஆ வில்லியனூர்’ என்றாள். பாவம், அவள் சொன்ன ஒவ்வொரு எழுத்தும் புத்தகத்தில் இருக்கிறது. ‘மே பாரான் அபித் ஆ வில்லியனூர்’ என்று அவளைச் சொல்ல வைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டது. பெற்றோரைக் குறிக்கும் சொல்லில் அந்த இ-என்-டி மூக்கொலியாக வரும், வினையின் பன்மை விகுதியில் வரவே வராது. பிரான்சில் பிள்ளைகளுக்குச் சொல்லும் பழைய வாக்கியம் ஒன்று உண்டு: ‘லே பூல் துய் கூவான் கூவ்.’ மடத்துக் கோழிகள் அடைகாக்கின்றன என்று பொருள். கடைசி இரண்டு சொல்லுக்கும் எழுத்துக்கூட்டு அப்படியே ஒன்று. ஒன்று மடம், வாசிப்பது கூவான். மற்றது அடைகாக்கும் வினை, வாசிப்பது கூவ். அந்தப் பெண் இதைக் கேட்டுச் சிரித்தாள், அப்புறம் மறக்கவே இல்லை. டெல்ஃபில் நூற்றுக்கு இருபத்தைந்து மதிப்பெண் வாய்ப்பேச்சுக்கு. அந்த மையத்தாருக்கு அது தெரியாதா? தெரியும். கட்டம் விற்பது சுலபம், வாயைப் பழக்குவது கஷ்டம்.

பள்ளிகளை மட்டும் விட்டுவிடலாமா? பிளஸ் டூவில் தமிழை விட்டுவிட்டு பிரெஞ்சு எடுக்கிறார்களே, எதற்கு? விக்தோர் ஹ்யுகோவைப் படிக்கவா? மார்க்குக்கு. தமிழாசிரியர்கள் இதற்குக் கோபப்படும்போது நான் அவர்கள் கட்சி. ஒரு தனியார் பள்ளியில் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். வகுப்பில் பிள்ளைகளைப் பேசவிட்டேன் என்று என்னை அறைக்கு அழைத்து, ‘மேடம், பேச்செல்லாம் வேண்டாம், கட்டத்தை மனப்பாடம் பண்ண வையுங்கள்’ என்றார்கள். அங்கே சதம் வாங்கிய பையன் ஒருவனைப் பிறகு கடற்கரையில் பார்த்தேன். ‘சவா?’ என்று கேட்டேன். சௌக்கியமா என்று பொருள், சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘போகிறதா?’ ‘எங்கே போவது மேடம்?’ என்கிறான்.

அதே பள்ளிப் பிரெஞ்சுதான் தங்கள் பாடத்தின் உரையாடலிலும் இருக்கிறது. அதில் வரும் இளைஞன் ஒருவன், அறுபது வயதுக் கடைக்காரரைப் பார்த்து ‘த்யு பார்ல் ஆங்லே?’ என்று கேட்கிறான். முன்பின் தெரியாத பெரியவரை நீ, வா, போ என்றுதான் தங்கள் அலுவலகத்தில் அழைக்கிறீர்களா? நம் ‘நீங்கள்’ போல மரியாதைக்கும் வரும் ‘வு’வைப் பன்மைக்கு மட்டும் என்று எழுதிக்கொடுத்தவர் யாரோ, அவர் பிரெஞ்சுக்கும் அந்நியர், தமிழுக்கும் அந்நியர்.

நான் கடிதம் எழுதுவது இது முதல் தடவையும் அல்ல. முன்பொரு முறை தாங்கள் வெளியிட்ட சொற்பட்டியலில் ‘நு கொமான்சோன்’ (தொடங்குகிறோம்) என்பதில், சி எழுத்தின் அடியில் வரவேண்டிய கொக்கியைக் காணோம். கொக்கி இல்லாவிட்டால் ‘கொமான்கோன்’ என்று வாசிக்க நேரும். ‘மான்ழே’ (சாப்பிடு) என்னும் வினையில் ‘நு மான்ழோன்’ என்று சொல்வதற்காகத்தான் ஜி-க்குப் பிறகு ஓர் இ-யை விட்டுவைக்கிறார்கள், அதையும் அச்சுக்கோப்பவர் தின்றிருந்தார். இவை விதிவிலக்குகள் அல்ல, ஒழுங்கான வினைகள்தாம். ஒலி கெடக்கூடாதே என்று எழுத்தை மட்டும் சற்றுத் திருத்திக்கொள்கின்றன. விளக்கமாக எழுதினேன். தாங்கள் வெளியிட்டது முதல் வரியை மட்டும்: ‘தங்கள் இதழை விரும்பிப் படிக்கிறேன்.’

புதுவை என்றால் வருடம் தவறாமல் ‘குட்டி பிரான்ஸ்’ என்று மஞ்சள் சுவரும் குரோசானும் போட்டுப் பக்கத்தை நிரப்பிவிடுகிறீர்கள். 1954 நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியதும், 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் இன்னும் இங்கே இருப்பதும் தங்களுக்குத் தெரியும். எங்கள் தெருவிலேயே சொல்தா வீடுகள், அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களின் வீடுகள் உண்டு. அந்த வீட்டுப் பாட்டிகளுக்கு எழுதப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம், ‘இல் பார்ல்’ என்று சுத்தமாகச் சொல்வார்கள். பாடம் எழுதும் முன் அவர்களில் ஒருவரிடம் படித்துக் காட்டியிருந்தால் போதுமே. வெள்ளை நகரத்தில் புகைப்படம் எடுக்க ஆள் அனுப்ப முடிகிறது, அதற்கு முடியவில்லையா?

பிரெஞ்சு வினைகளில் பத்தில் ஒன்பது பங்கு இந்த இ-ஆர் வகைதான். நிகழ்காலத்தில் ‘அலே’ (போ) ஒன்றுதான் முரண்டு பிடிக்கும். புதிதாக வரும் சொல்லும் இங்கேதான் சேரும், கூகுளில் தேடுவது உட்பட. ஆகவே முதல் பாடம் தப்பினால் தப்புவது ஒரு வினை அல்ல, ஆயிரக்கணக்கானவை.

நான் கேட்பது சின்ன விஷயம். அடுத்த இதழில் நான்கு வரித் திருத்தம் போடுங்கள், கடைசிப் பக்கத்து மூலையில் என்றாலும் சரி. அடுத்த பாடம் ‘ஃபினிர்’ (முடி) என்று அறிவித்திருக்கிறீர்கள். அது ஐ-ஆர் வகை. அதில் ஒருமை ‘இல் ஃபினி’, பன்மை ‘இல் ஃபினிஸ்’, காதுக்கே வித்தியாசம் தெரியும். அங்கேயும் கடைசி மூன்று எழுத்து ஊமைதான். ‘ஃபினிஸ்ஸென்ட்’ என்று அச்சாகிவிட்டதா, இன்னும் நேரம் இருக்கிறதா என்று மட்டும் அச்சகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியை,
புதுச்சேரி