காரிடாரில் போட்ட பெஞ்சு

அன்புள்ள நண்பா,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிளானை மகனிடம் சொல்லிப் பெரிதாக அச்செடுத்துப் பார்த்தேன். தாலுகா மருத்துவமனைக்குப் புது ஓ.பி. கட்டடம், அதுவும் ரிட்டயர் ஆன பிறகு! உன்னால் வீட்டில் சும்மா உட்கார முடியாது என்று தெரியும். எனக்கு முட்டிவலியோடு மல்லுக்கட்டவே நேரம் போதவில்லை.

ரேம்ப், கழிப்பறை, மருந்து கொடுக்கும் இடம் எல்லாம் நன்றாக வந்திருக்கின்றன. இரண்டு பக்கமும் அறைகளை வைத்து, நடுக் காரிடாரில் பெஞ்சு போட்டிருக்கிறாய் பார், அதுதான் உறுத்துகிறது. இருமுகிறவரும் கைக்குழந்தையோடு வந்தவளும் மணிக்கணக்கில் காத்திருக்கப் போவது அங்கேதான். அந்த இடத்துக்கு ஒரு ஜன்னல்கூட இல்லை. காற்று ஓடாத இடத்தில் காசநோய் போன்றவை எளிதில் தொற்றிவிடும்.

தென்னாப்பிரிக்காவில் டுகெலா ஃபெரி என்று ஒரு சிற்றூர். பெரும்பாலான மருந்துகளுக்கு அடங்காத காசநோய் அங்கே 53 பேருக்கு இருந்ததையும், அவர்களில் 52 பேர் இறந்ததையும் 2006-ல் வெளியான ஆய்வு சொன்னது. பலர் அண்மையில் ஏதோ ஒரு காரணத்துக்காக மருத்துவமனையில் இருந்தவர்கள். குணமாக வந்த இடத்திலேயே தொற்றியிருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது.

அந்தப் பயத்தை மனதில் வைத்துக் கட்டியதுதான் ருவாண்டாவில் 2011-ல் திறந்த புட்டாரோ மருத்துவமனை. மாஸ் டிசைன் என்ற கட்டடக் கலைஞர் குழுவின் வடிவமைப்பு. நடைபாதையைக் கட்டடத்துக்கு வெளியே கொண்டுபோய்விட்டார்கள். வார்டின் நடுவில் ஒரு குட்டைச் சுவர். அதை ஒட்டிக் கட்டில்களின் தலைமாடு. படுத்திருப்பவருக்கு எதிரே பக்கத்து நோயாளியின் முகம் இல்லை, ஜன்னலும் மலையும்தான். ராட்சத மின்விசிறி மெதுவாகச் சுழன்று காற்றை மேலே இழுக்கும். அங்கே கிருமியைக் கொல்லப் புற ஊதா விளக்கு. சுவருக்கு, உழவர்கள் தொல்லை என்று ஒதுக்கிய உள்ளூர் எரிமலைக் கல். எனக்கு அந்தக் கல்வேலைமேல் தனி மயக்கம், அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

நம்மவர்களுக்கும் இது தெரியாததல்ல. 1928-ல் டாக்டர் சௌரிமுத்து தாம்பரத்தில் காசநோயாளிகளுக்கான சானடோரியம் தொடங்கியபோது நல்ல காற்றும் ஓய்வும்தானே வைத்தியம். அப்புறம் மருந்து வந்தது. வீட்டிலிருந்தே சாப்பிட்டாலும் குணமாகும் என்று 1959-ல் நம் சென்னை ஆய்வே காட்டியது. பெரிய விஷயம்தான். ஆனால் அதோடு கட்டடம் கட்டுகிறவர்கள் காற்றை மறந்துவிட்டோம் என்பது என் கட்சி.

உலக சுகாதார நிறுவனம் 2009-ல் இயற்கைக் காற்றோட்டத்துக்குக் கணக்கே கொடுத்திருக்கிறது: வார்டில் நோயாளி ஒருவருக்கு விநாடிக்கு 60 லிட்டர், காற்றில் பரவும் நோய்க்கான அறையில் 160. உன் ஸ்லைடிங் ஜன்னலை முழுக்கத் தள்ளினாலும் பாதிதான் திறக்கும். கொசுவலை அதிலும் கொஞ்சம் தின்றுவிடும். கதவு போல முழுசாகத் திறக்கும் பழைய ஜன்னலே போடு, சன்ஷேடை மட்டும் நீளமாக விடு. டாக்டர் ஏ.சி. கேட்பார், தடுக்க முடியாது. ஸ்பிளிட் ஏ.சி. அதே காற்றைத்தான் சுற்றிவிடும் என்று சொல்லி எக்ஸாஸ்ட் விசிறியாவது வை.

முக்கியமாக, தெற்கு வரிசை அறைகளை மாடிக்கு ஏற்றிவிட முடியுமா பார். கீழே காரிடார் திறந்த வராண்டாவாகிவிடும். எக்ஸ்ரே கீழேயே இருக்கட்டும், லிஃப்டை நம்பாதே. எஸ்டிமேட் ஏறும், காண்ட்ராக்டர் முனகுவார். செக்‌ஷனையும், அதாவது குறுக்குவெட்டு வரைபடத்தையும் அனுப்பு, பென்சிலில் போட்டுக் காட்டுகிறேன். அஸ்திவாரம் தோண்டுவதற்குள் அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் அறைவாசி