பனி உருகுமுன் நுண்ணுயிர்களைத் தேட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பனியாறுகள் உருகுவதால் கடல்மட்டம் உயர்வதை அடிக்கடி படிக்கிறோம். அவற்றோடு அழியும் நுண்ணுயிர்களைப் பற்றி அரிதாகவே எழுதப்படுகிறது. உறைகுளிரையும் கடும் புற ஊதாக் கதிரையும் உணவுப் பற்றாக்குறையையும் தாங்கி வாழும் அந்தப் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும், பனிப்படிகம் வளராமல் தடுக்கும் புரதங்களையும், கதிரிலிருந்து காக்கும் நிறமிகளையும், போட்டிக் கிருமிகளை அடக்கும் வேதிப்பொருள்களையும் உருவாக்குகின்றன. இத்தகைய வேதிப்பொருள்கள் மருந்தாகவும் பயன்படும். காசநோயை வென்ற முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின், 1943இல் ஒரு மண் பாக்டீரியாவிலிருந்தே கிடைத்தது. தோட்டப்புறத்து முதியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

அண்டார்டிகாவில் பனி மூடிய வாண்டா ஏரியில் கண்டெடுத்த ஈஸ்ட்டின் லிப்பேஸ் எனும் கொழுப்பைச் சிதைக்கும் நொதி, இன்று எண்ணெய், கொழுப்பு ஆகியவற்றின் தன்மையை மாற்றப் பயன்படுகிறது. எண்ணெய் தரும் செம்பனை சூழ வாழும் நமக்கு இது தொலைதூரச் செய்தியன்று.

தேடல் எளிதன்று. பெரும்பாலான நுண்ணுயிர்கள் ஆய்வகத்தில் வளர்வதில்லை. வளர்பவற்றிலும் பல மரபணுக்கள் செயல்படாமல் உறங்குகின்றன. ஆகவே ஆய்வாளர்கள் பனியிலுள்ள மரபணுத் தொகுப்பை நேரடியாகப் படித்து, வேண்டிய மரபணுக்களை, எளிதில் வளரும் வேறொரு பாக்டீரியாவில் புகுத்திப் பார்க்கின்றனர்.

அண்டார்டிகாவை அமைதியான அறிவியல் ஆய்வுக்கென ஒதுக்கும் அண்டார்டிக் உடன்படிக்கையில் மலேசியா 2011இல் இணைந்தது. சுல்தான் மிசான் அண்டார்டிக் ஆய்வு அறவாரியமும் இயங்குகிறது. இத்துறையில் நம் மாணவர்களும் சேர, படிவம் நான்கு, ஐந்து மாணவர்களுக்கேற்ற அறிவியல் கட்டுரைகளைத் தங்கள் நாளிதழ் தொடர்ந்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்