உன் கல்யாணம் இனி பென்டிரைவில்

சிதம்பரம்
ஞாயிறு இரவு

அன்புள்ள செல்வம்,

நீ கூரியரில் அனுப்பிய பிஸ்கட் டப்பா வந்து சேர்ந்தது. டப்பாவைத் திறந்ததும் என் மனைவி ஆசையாக எட்டிப் பார்த்தாள். உள்ளே உன் கல்யாணச் சிடிகளும் மற்ற பழைய சிடிகளும்! இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மற்றபடி எல்லோரும் நலம். முழங்கால் மட்டும் மழைக்கு மழை வந்து விசாரித்துவிட்டுப் போகிறது.

‘புது லேப்டாப்பில் சிடி போடவே இடமில்லை, இதெல்லாம் ஒரு கம்ப்யூட்டரா’ என்று போனில் திட்டினாயே, அதற்கு வழி இருக்கிறது. சிடியில் இருப்பதை முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகப் படித்து ஒரே கோப்பாக ஆக்கிக்கொள்வோம். அதை இமேஜ் என்பார்கள். அப்புறம் ஒரு சின்ன மென்பொருள் விண்டோஸிடம் போய், ‘இந்தா, உனக்கு இன்னொரு சிடி டிரைவ்’ என்று பொய் சொல்லும். விண்டோஸும் நம்பி அதற்கு ஓர் எழுத்தைக் கொடுத்துவிடும். எதைப் படிக்கக் கேட்டாலும் அந்த மென்பொருள் இமேஜ் கோப்பிலிருந்து எடுத்து நீட்டும். சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்காது. பிரவுசிங் சென்டர் வைத்திருந்த நாளில் இதற்கென்றே தனி மென்பொருள் தேடிப் போடுவேன். 2012-இல் வந்த விண்டோஸ் 8-இலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை (இமேஜில் அது ஒரு வகை) இரட்டைக் கிளிக் செய்தாலே போதும், விண்டோஸே டிரைவ் ஆக்கிக் கொடுத்துவிடுகிறது. வேலை முடிந்தால் வலது கிளிக் செய்து எஜெக்ட். ஒருவேளை கோப்புகளைச் சுருக்குகிற வின்ரார் மென்பொருள் வந்து குறுக்கே நின்றால், வலது கிளிக்கில் ‘ஓப்பன் வித்’ போய் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரைக் காட்டு.

பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடிகளையும் பாப்பாவின் ஆங்கிலப் பாடச் சிடியையும் இப்படி ஐஎஸ்ஓ ஆக்கிவிட்டேன். கார் விளையாட்டுச் சிடியும் இமேஜ் ஆகிவிட்டது, ஆனால் விளையாட்டு ஓடாது. நகல் எடுக்காமலிருக்க சேஃப்டிஸ்க் என்று ஒரு பூட்டு போட்டிருக்கிறார்கள். அதைத் திறக்கிற டிரைவர் என்ற துணை மென்பொருளை விண்டோஸ் 10 வந்தபோதே எடுத்துவிட்டார்கள். அசல் சிடியைப் போட்டாலும் அதே கதிதான், என்னைத் திட்டாதே.

இனி கல்யாணத்துக்கு வருகிறேன்.

உன் கல்யாணச் சிடிகள் மூன்றும் விசிடி, அதாவது வீடியோ சிடி. அதை ஐஎஸ்ஓ ஆக்க முடியாது. சாதாரண சிடியில் செக்டார் என்ற ஒவ்வொரு சின்னத் துண்டிலும் 2352 பைட் இடம் இருந்தாலும், நம் தகவலுக்கு 2048 பைட்தான். மீதியில் பெரும்பகுதி கீறல் விழுந்தால் பிழை திருத்துவதற்காக ஒதுக்கியது. விசிடிக்காரர்கள், படத்தில் ஒரு புள்ளி போனால் யார் கவனிக்கப் போகிறார்கள் என்று அந்த இடத்திலும் படத்தைத் திணித்து, 2324 பைட் வரை எடுத்துக்கொண்டார்கள். ஐஎஸ்ஓவோ 2048-க்கு மேல் தொடாது. அதனால் நான் இமேஜ் எடுக்கிற இமேஜ்பர்ன் மென்பொருள் இப்படிப்பட்ட சிடியைப் பார்த்ததும் தானாகவே பின் (.bin), க்யூ (.cue) என்று இரண்டு கோப்புகளாக எழுதிவிடுகிறது. இவற்றை விண்டோஸ் தானாகத் திறக்காது. இவற்றையும் டிரைவாகக் காட்டுகிற டீமன் டூல்ஸ் லைட் என்ற மென்பொருளை உன் லேப்டாப்பில் போட்டுக்கொள். எந்த இலவச மென்பொருளை நிறுவும்போதும் ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று தட்டிக்கொண்டே போகாதே, ஒவ்வொரு டிக்கையும் படித்துப் பார். டீமன் டூல்ஸில் க்யூ கோப்பைத் திறந்தால் புது டிரைவ் வரும். உள்ளே எம்பெக்ஏவி என்ற ஃபோல்டரில் இருக்கும் டாட் (.dat) கோப்புதான் படம். விஎல்சி பிளேயரில் போடு.

கோப்பின் பெயரை மட்டும் மாற்றாதே. நான் ஆசையாக பின் கோப்புக்குச் ‘செல்வம் கல்யாணம் 1’ என்று தமிழில் பெயர் வைத்தேன். டிரைவ் திறக்கவே இல்லை. அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் க்யூவை நோட்பேடில் திறந்தால் மொத்தமே சில வரிகள்தான். முதல் வரியிலேயே பின் கோப்பின் பழைய பெயர். அந்தப் பெயரில் கோப்பைத் தேடித் தேடி அது ஏமாந்திருக்கிறது, பாவம்.

முதல் சிடி சுத்தமாக வந்துவிட்டது. மாப்பிள்ளை அழைப்பில் காருக்கு முன்னால் ஆடுகிறவன் நான்தான். அந்தச் சட்டையை யார் வாங்கிக் கொடுத்தது என்று நினைவில்லை, ஆனால் நீதான் என்று சந்தேகம். இதய வடிவச் சட்டத்துக்குள் நீயும் உன் மனைவியும் பறந்து வருகிறீர்கள், பின்னால் நயாகரா அருவி கொட்டுகிறது. உன் மகளிடம் இதைக் காட்டும்போது நானும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவது சிடியில்தான் சிக்கல். நீ மேல்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் ‘முகூர்த்தம்’ என்று அழுத்தி எழுதியிருக்கிறாய். சிடியில் தகவல் இருப்பது பளபளக்கும் அடிப்பக்கத்தில் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் அது மேல்பக்கம், பெயர் எழுதுகிற பூச்சுக்குக் கொஞ்சம்தான் கீழே இருக்கிறது. அடியில் கீறினால் துடைத்துத் தேய்த்துத் தப்பிக்கலாம், மேலே பேனா பதிந்தால் அவ்வளவுதான். வேகத்தைக் குறைத்து ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். எட்டு நிமிடம் போல வரவில்லை. ஐயர் ‘கெட்டிமேளம்’ என்று கையைத் தூக்குகிறார், படம் கட்டம் கட்டமாக உடைகிறது, அடுத்த காட்சியில் எல்லோரும் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்கள். உன் பேனாவே உன் தாலியை அறுத்துவிட்டது என்று சொன்னால் தங்கச்சி என்னை அடிக்க வருவாள், அதனால் அவளிடம் நீயே சொல்லிக்கொள்.

அந்தக் காலத்தில் ஸ்டுடியோக்காரர்கள் பெண் வீட்டுக்கும் ஒரு செட் கொடுப்பார்கள் அல்லவா? உன் மச்சினன் வீட்டுப் பரணில் தேடச் சொல். இரண்டாவது சிடி மட்டும் போதும். கிடைத்தால், எண் கிண் எதுவும் எழுதாமல், வெறும் காகிதத்தில் சுற்றி அனுப்பு. இந்தமுறை பிஸ்கட்டோடு.

அன்புடன்,
கதிரேசன்