நந்து நந்தாகவே இருக்கட்டும்: அக்கரைப்பற்றுத் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சி,

மகனுக்கு மூன்று வயதாகப்போகிறது, இன்னும் நண்டை "நந்து" என்கிறான், எங்கள் ஊர் கல்லடியைத் "தல்லதி" என்கிறான், மாமிக்கு ஒரே யோசனை என்றாய். போனில் பதில் சொன்னால் மாமிக்கும் கேட்டுவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

உதட்டை மூடித் திறந்தால் வருகிற ம, ப பிள்ளைகளுக்கு முந்தி வந்துவிடும். நாக்கை மேலே மடிக்க வேண்டிய ண, ட, ழ எல்லாம் பிந்தித்தான். என் மூத்தவளும் "நந்து"தான். ஒருநாள் சந்தையில் வாங்கி வந்த வாவி நண்டு, கால் கட்டியபடி குசினிக்குள் கிடந்தது. "நந்து வேணுமா?" என்று அவளைப் போலவே கேட்டேன். வந்ததே கோபம்! "நந்து இல்ல, நந்து!" என்று காலை நிலத்தில் அடித்தாள். காதுக்கு வித்தியாசம் விளங்குகிறது, வாய்க்குத்தான் வரவில்லை. பிள்ளைகள் பேசப் பழகுவதை ஆராய்ந்த ஜீன் பெர்கோவும் ரோஜர் பிரவுனும் 1960இல் இதையே எழுதியிருக்கிறார்கள். அவர்கள் சொல்கிற ஒரு பிள்ளை தன் பிளாஸ்டிக் மீனை "ஃபிஷ்" என்று சொல்ல வராமல் "ஃபிஸ்" என்றதாம். பெரியவர் "ஃபிஸ்" என்றால் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லையாம்.

ஆகவே அவனைப் பிடித்து இருத்தி "நண்டு சொல்லு, நண்டு சொல்லு" என்று வதைக்காதே. நீ நண்டு என்றே பேசு. கேட்டுக் கேட்டு வந்துவிடும். கூப்பிட்டால் திரும்பாவிட்டாலோ, வெளியாட்களுக்கு அவன் பேச்சில் பெரும்பகுதி விளங்காவிட்டாலோ டாக்டரிடம் காட்டு. அவனுக்கு இரண்டும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். போன முறை என்னிடம் அவ்வளவு கதைத்தானே!

மறுகா, இன்னொன்று. என் மூத்தவள் உடுப்புக் கொடியில் போடுகிற கிளிப்பையும் நந்து என்றாள். அதுவும் கடிக்கும்தானே. இப்போது உயர்தரம் படிக்கிறாள், நண்டைத் திருத்தமாக நண்டு என்கிறாள். ஆனால் கிளிப் எங்கள் வீட்டில் இன்னும் நந்துதான். மழை இருட்டினால் உன் அத்தான் "நந்தெல்லாத்தையும் கழட்டு!" என்று கத்திக்கொண்டு கொடிக்கு ஓடுகிறார். பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்த அக்கா, நந்து யார், நாய்க்குட்டியா என்று கேட்டார்.

சரி, மகன் வேறு என்னென்ன சொல்கிறான் என்று ஒரு கொப்பியில் எழுதி வை. மாமி திருத்தி முடிக்க முந்தி.

அன்புடன்,
அக்கா
கல்லடி