செயின்ட் லூயிஸ் போய் வந்தோம்

புளூமிங்டன், இல்லினாய்
நவம்பர் 12

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

அப்பாவின் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. "உயிரோடு இருக்கிறாயா" என்று ஒரு வரி, மீதி இரண்டு பக்கமும் செவலைப் பசு. போனில் உங்களுக்குக் காது கேட்காது என்று தெரிந்தும் எழுதாமல் இருந்தது என் தப்புதான்.

போன சனி, ஞாயிறு செயின்ட் லூயிஸ் போனோம். காரில் இரண்டரை மணி நேரம், வழியெல்லாம் அறுத்துப்போட்ட சோளக்கொல்லை. புளிசாதம் கட்டிக்கொண்டேன். ஓட்டல் சாப்பாடு அவருக்கு ஒத்துக்கொள்வதில்லை.

ஃபாரஸ்ட் பார்க்கில் மிருகக்காட்சிசாலைக்கு டிக்கெட்டே கிடையாது. மேட்டின் மேல் 1904 உலகக் கண்காட்சிக்குக் கட்டிய மாளிகை இப்போது ஓவியக்கூடம். 'எல்லோருக்கும் இலவசம்' என்று முகப்பிலேயே செதுக்கியிருக்கிறார்கள். அவருக்கு அந்த ஊர் ரொம்பப் பிடித்துவிட்டது.

சாயங்காலம் அந்த ஊர்ப் பலகாரம் ரவியோலி ஒரு தட்டு வாங்கினோம். சோமாசி மாதிரி, ஆனால் உள்ளே கறி வைத்துப் பொரித்தது. அப்புறம் டெட் ட்ரூஸ் கடையில் 'கான்கிரீட்' என்று ஒரு ஐஸ்கிரீம். விழாது என்று காட்ட, கப்பைத் தலைகீழாகக் கவிழ்த்துத்தான் கையில் கொடுக்கிறார்கள். எனக்கு நெஞ்சு பதறிவிட்டது, ஒரு கப்தான் வாங்கியிருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை மிசிசிப்பிக் கரையில் அந்தப் பெரிய எஃகு வளைவு. 630 அடி. நம் பெரிய கோயிலைப் போல மூன்று மடங்கு என்றால் அப்பாவுக்குக் கோபம் வரும். 1965இல்தான் கட்டி முடித்தார்களாம், ஆயிரம் வருஷம் நிற்கட்டும், அப்புறம் பேசலாம். உள்ளேயே ஒரு குட்டி ரயில் மேலே ஏறுகிறது. பெட்டிக்கு ஐந்து பேர், முட்டியோடு முட்டி இடிக்க, நெல் குதிருக்குள் உட்கார்ந்த மாதிரி நாலு நிமிஷம். நான் மட்டும்தான் ஏறினேன். அவருக்கு உயரம் ஆகாதாம், குளிரில் கீழேயே நின்றார். மலைக்கோட்டையில் என்னை முந்திக்கொண்டு ஏறியவர்தானே என்று அம்மா கேட்பாய். அது வேறு, இது வேறு.

உச்சியில் குனிந்து பார்க்கிற மாதிரி சின்னச் சின்ன ஜன்னல். கீழே ஆறு, செம்மண் கரைத்த கலங்கல். ஆனியில் புதுத்தண்ணி வரும்போது நம் படித்துறையில் ஓடுமே, அதே நிறம். பக்கத்தில் ஒரு குழந்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் அம்மா டிஷ்யூ நீட்டிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. ஜலதோஷம் என்று சொல்லிவைத்தேன்.

ஆற்றங்கரை மூன்று மா நிலத்து விஷயம். தம்பி சொல்கிறான் என்று அவசரப்பட்டு முன்பணம் வாங்கிவிடாதீர்கள். எங்களுக்காக என்றால் வேண்டவே வேண்டாம், இங்கே ஒரு குறையும் இல்லை. அவருக்கு வேலையும் சீக்கிரம் நிரந்தரமாகிவிடும். மூலப்பத்திரம் பீரோவில் பச்சைப் பைக்குள் இருக்கிறது, சித்தப்பா கேட்டாலும் கொடுக்காதீர்கள். பெரியத்தை வீட்டுக் கல்யாணத்துக்கு என் பேரில் இரண்டாயிரம் மொய் எழுதுங்கள். இந்த மாசப் பணம் மட்டும் இருபது தேதிக்கு மேல்தான் வரும், பேங்கில் ஏதோ தாமதம்.

அம்மா, யாராவது இந்தப் பக்கம் வந்தால் வெங்காய வடகம் கொடுத்துவிடு. படித்துறை ஓரத்து வேலி சாய்ந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்களே, அதை முதலில் நிமிர்த்துங்கள். மாடு புகுந்துவிடும்.

உங்கள் அன்பு மகள்